கீறல் வேறு, விரிசல் வேறு

சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் இருக்கிறது. சிங்கப்பூரில் கேமரா ஆசை பிடித்த யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். அங்கும் அக்கம்பக்கத்துக் கட்டடங்களிலும் பழைய கேமராக்களையும் லென்சுகளையும் வாங்கி விற்கும் கடைகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை பிற்பகல், அப்படிப்பட்ட ஒரு கடையின் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நானும் அப்பாவும் நின்றுகொண்டிருந்தோம்.

அலமாரியில் ஒரே மாதிரியான இரண்டு லென்சுகள். இரண்டும் நிக்கான் 85 மில்லிமீட்டர், எஃப் 1.8. ஒன்றின் விலைச்சீட்டில் 320 வெள்ளி என்று இருந்தது. இன்னொன்றில் 190 வெள்ளி. இரண்டாவதன் சீட்டில் மட்டும், முன் கண்ணாடியில் கீறல் என்று பேனாவால் எழுதியிருந்தார்கள்.

"ஒரே சாமானுக்கு 130 வெள்ளி வித்தியாசமா?" என்றார் அப்பா.

"கீறல் இருக்குப்பா" என்றேன்.

"கீறல் இருந்தா என்ன? படம் கெடுமா, கெடாதா? அதைச் சொல்லு."

அந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரியாததால்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் ஒரு பெரிய தவறு செய்தேன். அந்தத் தவறிலிருந்து கற்றதையும், கடைகளில் லென்சுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கற்றதையும் இங்கே சொல்கிறேன். குழந்தை பிறந்ததும் நல்ல கேமரா வாங்க நினைக்கும் பெற்றோருக்கும், முதல் சம்பளத்தில் புகைப்படக்கலையில் இறங்கும் இளையர்களுக்கும் சில நூறு வெள்ளி மிச்சமாகலாம். அதைவிட முக்கியமாக, திரும்ப எடுக்க முடியாத ஒரு படம் தப்பிக்கலாம்.

மணிவிழாப் படங்கள்

அப்பாவுக்கு அறுபது நிறைந்தபோது கோயில் மண்டபத்தில் மணிவிழா நடத்தினோம். "படம் எடுக்க ஆள் வேண்டாம், நானே எடுக்கிறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டேன். கொஞ்சம் காசு மிச்சம், கொஞ்சம் பெருமை. மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைவாக இருக்கும் என்று, இணையத்தில் விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம் பழைய 50 மில்லிமீட்டர், எஃப் 1.4 லென்ஸ் ஒன்றை 150 வெள்ளிக்கு வாங்கினேன். 'கண்ணாடி சுத்தம், கீறலே இல்லை' என்று விளம்பரத்தில் இருந்தது. எம்ஆர்டி நிலைய நுழைவாயில் அருகே சந்தித்தோம். மேலிருந்த விளக்கு வெளிச்சத்தில் முன் கண்ணாடியைப் பார்த்தேன். சொன்னபடியே ஒரு கீறலும் இல்லை. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் மேசையையும் தேநீர்க் கோப்பையையும் எடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தன.

மணிவிழா அன்று காலை வெயில் மண்டபத்தின் திறந்த பக்கத்திலிருந்து வந்தது. அப்பாவும் அம்மாவும் அந்த வெளிச்சத்துக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தார்கள். முன்னால் குத்துவிளக்குகள். நானூறு படங்களுக்குமேல் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் எதுவும் தவறாகத் தெரியவில்லை. இரவு கணினியில் போட்டுப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. எல்லாப் படங்களிலும் பால் ஊற்றியதுபோல் ஒரு வெளுப்பு. அம்மாவின் அரக்குப் பட்டு வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு விளக்குச் சுடரையும் சுற்றி ஒரு வெள்ளை உருண்டை.

"ஏன்பா, எல்லாம் பனிக்குள்ள எடுத்த மாதிரி இருக்கு?" என்று அம்மா கேட்டார்.

மென்பொருளில் போராடிச் சில படங்களை ஓரளவு தேற்றினேன். அப்பா இரண்டாம் முறையாகத் தாலி கட்டும் படம் தேறவே இல்லை. ஆல்பத்தில் இப்போது அந்த இடத்தில் இருப்பது, என் சித்தப்பா மகள் கைப்பேசியில் எடுத்த படம்.

அந்த லென்சின் பின்பக்கத்திலிருந்து கைப்பேசி விளக்கைக் காட்டி முன்பக்கமாகப் பார்த்தபோது காரணம் புரிந்தது. உள்ளே இருந்த ஒரு கண்ணாடி முழுவதும் மெல்லிய பால்நிறப் படலம் பரவியிருந்தது. புகைமூட்டக் காலத்தில் எதிர் புளோக் தெரியுமே, அந்த மாதிரி. விற்றவர் பொய் சொல்லவில்லை. கீறல் இல்லைதான். நான்தான் கீறலைத் தவிர வேறு எதையும் தேடவில்லை.

அப்பா கப்பல் பட்டறையில் வெல்டிங் இணைப்புகளைச் சோதிக்கும் வேலை பார்ப்பவர். இணைப்பின்மீது சிவப்புச் சாயம் தடவி, துடைத்துவிட்டு, வெள்ளைப் பூச்சு தெளித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் சிவப்புக் கோடாக மேலே எழும்பும். அவர் என் லென்சைத் தம் டார்ச் விளக்கில் ஒரு நிமிடம் பார்த்தார். திட்டவில்லை. "கீறல் வேற, விரிசல் வேறடா" என்றார். "பெயிண்ட்ல அரை அடிக்குக் கீறல் இருந்தாலும் கப்பல் போகும். வெல்டிங்ல மயிரிழை விரிசல் இருந்தா போகாது. எது கண்ணுக்கு அசிங்கமா இருக்கோ அதுதான் ஆபத்துன்னு நினைக்காதே."

பழைய லென்ஸ் வாங்குவதைப் பற்றி நான் படித்த எல்லாவற்றையும்விட அந்த ஒரு பேச்சு பயனாக இருந்தது.

கொசுவலை ஜன்னல்

கண்ணாடியில் கீறல் இருந்தால் படத்திலும் கீறல் விழும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி விழுவதில்லை. உங்கள் வீட்டு ஜன்னலில் கொசுவலை இருக்கிறதா? அதன் அருகில் நின்று எதிர் புளோக்கைப் பாருங்கள். துணி காய்வது தெரியும், மாடி எண் தெரியும். வலை தெரியாது. உங்கள் கண் தூரத்தில் குவிந்திருப்பதே காரணம். லென்சின் முன் கண்ணாடியில் உள்ள கீறலும் அப்படித்தான். கேமரா தூரத்தில் உள்ள முகத்தைக் கூர்மையாகப் பிடிக்கும்போது, மிக அருகில் இருக்கும் கீறல் கரைந்துபோகிறது.

கணக்காகவும் பார்க்கலாம். 85 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்சை முழுதாகத் திறந்தால், ஒளி நுழையும் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 47 மில்லிமீட்டர். அதன் பரப்பு சுமார் 1,750 சதுர மில்லிமீட்டர். நான் கடையில் பார்த்த கீறல் ஆறு மில்லிமீட்டர் நீளம். அகலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு 0.6 சதுர மில்லிமீட்டர். மொத்த ஒளி வழியில் பத்தாயிரத்தில் நான்கு பங்குகூட இல்லை. என் 50 மில்லிமீட்டர் லென்சிலோ படலம் கண்ணாடியின் முழுப் பரப்பிலும் இருந்தது. கண்ணை உறுத்தும் குறைக்குப் பத்தாயிரத்தில் நான்கு பங்கு. கண்ணுக்கே தெரியாத குறைக்கு நூற்றுக்கு நூறு.

கொசுவலைக்கு இன்னொரு குணமும் உண்டு. மாலை வெயில் நேராக வலைமீது அடித்தால் அது வெள்ளையாக மின்னி, எதிர் புளோக்கை மறைத்துவிடும். கீறலும் அவ்வாறே. சூரியனோ விளக்கோ எதிரில் இருந்தால் அந்த வெளிச்சத்தைச் சிதறடித்துப் படத்தை ஓரளவு வெளுக்க வைக்கும். ஆழமான ஒற்றைக் கீறல் என்றால் அதனுள் கறுப்பு மை நிரப்பிச் சிதறலைக் குறைப்பது பழைய வழக்கம். லென்சுக்கு முன்னால் மாட்டும் நிழல்மறைப்பும் பெரிதும் உதவும்.

இந்தக் கணக்கு எல்லா லென்சுக்கும் பொருந்தாது. 24 மில்லிமீட்டர் போன்ற அகலக்கோண லென்சை எஃப் 8இல் வைத்தால் ஒளி நுழையும் வட்டம் வெறும் மூன்று மில்லிமீட்டர். அங்கே அதே கீறல் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அகலக்கோண லென்ஸில் மிக அருகில் உள்ளவையும் ஓரளவு தெளிவாகத் தெரியும் என்பதால் தூசிகூடப் படத்தில் கறையாகத் தெரியலாம். முகப்படம் எடுக்கும் 50, 85, 100 மில்லிமீட்டர் லென்சுகளில்தான் முன் கீறல் நமக்கு லாபம்.

பின் கண்ணாடி என்றால் கதை வேறு. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் வரும் ஒளி முன்பக்கத்தில் அகலமாக நுழைந்து, பின்னால் போகப்போகக் குறுகி, சென்சாரில் ஒரு புள்ளியாகச் சேர்கிறது. ஆற்றின் நடுவில் ஒரு கல் கிடந்தால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போகும். அதே கல் குழாய் வாயில் இருந்தால்? அதனால் பின் கண்ணாடியில் கீறல் உள்ள லென்சை நான் தொடுவதில்லை.

விலையைக் குறைப்பவை, படத்தைக் குறைப்பவை

பழைய லென்சின் குறைகளை நான் இப்போது இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன்.

விலையை மட்டும் குறைப்பவை முதல் வகை. உலோகத்தில் வண்ணம் தேய்ந்து பித்தளை தெரிவது, ரப்பர் வளையம் வெளுத்திருப்பது, எழுத்துகள் அழிந்திருப்பது, மூடியோ பெட்டியோ இல்லாதது. இவற்றால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இருக்கும் சில தூசித் துகள்களும் இந்த வகைதான். நீண்டு சுருங்கும் ஸூம் லென்ஸ் ஒவ்வொரு முறையும் காற்றை இழுத்து விடுவதால் தூசி சேராமல் இருக்காது. பிரகாசமான டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் புது லென்ஸில்கூடத் தூசி தெரியும். அதைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டாம். முன் கண்ணாடியில் ஓரிரு கீறல்களையும் இந்தப் பட்டியலிலேயே சேர்க்கிறேன்.

படத்தைக் குறைப்பவை இரண்டாம் வகை.

முதலாவது, என்னை ஏமாற்றிய அந்தப் படலம். லென்சுக்குள் ஃபோகஸ் வளையம் சுழலப் போட்ட கிரீஸ், வெப்பத்தில் ஆவியாகிக் கண்ணாடியில் படிவது இதற்கு ஒரு பொதுவான காரணம். வெயிலில் நிறுத்திய காருக்குள் லென்சை விட்டுவைப்பது இதற்கு வழிவிடும்.

இரண்டாவது, பூஞ்சை. கண்ணாடியின் ஓரத்திலிருந்து சிலந்தி வலைபோலக் கிளைவிட்டுப் பரவும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடிமீதுள்ள பூச்சை அரித்துவிடும். துடைத்து எடுத்த பிறகும் அரித்த தடம் அப்படியே நிற்கும்.

மூன்றாவது, கண்ணாடி ஒட்டுப் பிரிதல். சில கண்ணாடிகள் இரண்டிரண்டாக ஒட்டப்பட்டிருக்கும். பசை விட்டுப்போனால் ஓரத்தில் வானவில் நிறங்களோ வெள்ளைத் திட்டோ தெரியும். இதைச் சரிசெய்யும் செலவுக்கு வேறொரு லென்ஸ் வாங்கிவிடலாம்.

நான்காவது, ஒளித்துளையை விரித்துச் சுருக்கும் தகடுகளில் எண்ணெய். எண்ணெய் பிசுபிசுத்தால் தகடுகள் நேரத்துக்கு மூடாது, படத்தில் வெளிச்சம் கூடிவிடும்.

ஐந்தாவது, கீழே விழுந்து உள்ளே கண்ணாடி இடம் பெயர்ந்தது. முன் வளையத்தில் ஒடுக்கு இருந்தால் எச்சரிக்கையாகிவிடுங்கள். ஒடுக்கு படத்தைக் கெடுக்காது. ஆனால் அந்த ஒடுக்கை உண்டாக்கிய அடி கெடுத்திருக்கலாம்.

இரண்டு வகைக்கும் நடுவில் ஒன்று உண்டு. சட்டை நுனியால் பல ஆண்டுகள் துடைத்துத் துடைத்து உண்டான நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. ஒற்றைக் கீறலைவிட இவை எதிர்வெளிச்சத்தில் படத்தை அதிகம் வெளுக்கச் செய்யும். விலை நன்றாகக் குறைந்தால் மட்டும் யோசிப்பேன்.

கடையில் பத்து நிமிடம்

கடைக்குப் போகும்போது சொந்தக் கேமரா, காலி மெமரி கார்டு, சிறிய டார்ச் ஆகிய மூன்றையும் கொண்டு போங்கள். நல்ல கடைக்காரர்கள் சோதித்துப் பார்ப்பதைத் தடுக்க மாட்டார்கள். தடுத்தால் அதுவே பதில்.

முதலில் பின்பக்கமிருந்து டார்ச்சைச் சற்றுச் சாய்வாகக் காட்டி, முன்பக்கமாகப் பாருங்கள். நேராகக் காட்டினால் கண் கூசும், குறையும் தெரியாது. ஒளித்துளை முழுதாகத் திறந்திருக்க வேண்டும். பழைய நிக்கான் லென்ஸில் வளையத்தை எஃப் 1.8க்குத் திருப்பலாம். கேனன் இஎஃப் லென்சுகள் கேமராவிலிருந்து கழற்றினால் பொதுவாகத் திறந்தே இருக்கும். பிறகு லென்சைத் திருப்பிப் பிடித்து மறுபக்கமிருந்தும் பாருங்கள்.

இரண்டாவதாக, வளையத்தை எஃப் 16க்குத் திருப்பி, பின்னால் உள்ள சிறு நெம்புகோலைத் தள்ளி விடுங்கள். தகடுகள் பட்டென்று மூட வேண்டும். ஆமைபோல மூடினால் உள்ளே எண்ணெய்.

மூன்றாவதாக, ஃபோகஸ் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுற்றுங்கள். மணல் அரைபடும் சத்தமோ, ஓரிடத்தில் இறுக்கமோ இருக்கக் கூடாது.

பிறகு நான்கு படங்கள் எடுங்கள். கடைக்கு எதிரே உள்ள சுவர், ஷட்டர் அல்லது தட்டையான ஏதாவது ஒன்றுக்கு நேராக நின்று, முழுதாகத் திறந்து ஒன்று, எஃப் 8இல் ஒன்று. பெரிதாக்கி நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு கூர்மையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குழம்பியிருந்தால், மீண்டும் நேராக நின்று எடுத்துப் பாருங்கள். மறுபடியும் அப்படியே என்றால் கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கிறது. மூன்றாவது படத்தில் கூரை விளக்கு ஓரத்தில் விழும்படி எடுங்கள். நான் மணிவிழாவுக்கு முன்பு எடுக்காமல் விட்ட படம் இதுதான். கடைசியாக, வெள்ளைச் சுவரை எஃப் 16இல் எடுங்கள். கறை தெரிந்தால், வேறு லென்ஸ் மாட்டியும் அதே இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தூசி உங்கள் சென்சாரில்.

உங்கள் கேமராவுக்கு அந்த லென்ஸ் பொருந்துமா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நான் பார்த்த பழைய நிக்கான் லென்சுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி3500, டி5600 போன்ற கேமராக்களில் அந்த மோட்டார் இல்லாததால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். என் கேமரா பழையது, அதில் மோட்டார் உண்டு. இதிலும் ஒரு நன்மை இருக்கிறது. லென்சுக்குள் மோட்டார் இல்லையென்றால் அது கெட்டுப்போகும் கவலையும் இல்லை.

எழுதி வாங்குங்கள்

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் 'லெமன் சட்டம்' பழைய பொருள்களுக்கும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதங்களுக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அந்தக் குறை இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது முடியாவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். பழைய பொருள் என்பதால் அதன் வயதும் விலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். வாங்குமுன் உங்களுக்குத் தெரிந்திருந்த குறைக்கு இந்தச் சட்டம் உதவாது. தனிநபரிடம் வாங்கியதற்கும் பொருந்தாது. எம்ஆர்டி நிலையத்தில் கைமாறிய என் 150 வெள்ளிக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை.

அதனால் ரசீதில் குறையை எழுதி வாங்குவது நல்லது. 'முன் கண்ணாடியில் ஒரு கீறல்' என்று எழுதியிருந்தால், அந்தக் கீறல் உங்களுடையது. எழுதாத பூஞ்சையும் படலமும் உங்கள் தலையில் விழாமல் இருக்க அந்தச் சீட்டு துணை நிற்கும்.

நம் காற்றில் வாழும் லென்ஸ்

நல்ல லென்சை வாங்கி வந்து அலமாரியில் தோல் பைக்குள் பூட்டி வைத்தால், சில ஆண்டுகளில் நீங்களே பூஞ்சை லென்ஸ் ஒன்றை உருவாக்கிவிடுவீர்கள். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியலுக்கு முன் பல நாள்களில் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்தான் 60 அளவுக்கு இறங்கும். பூஞ்சைக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது.

40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருக்கும் மின்சார உலர் அலமாரி கேமரா கடைகளில் கிடைக்கும். அதற்குச் செலவழிக்க விருப்பமில்லை என்றால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரமானி போதும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும்விட எளிய மருந்து, லென்சை அடிக்கடி வெளியே எடுத்துப் படம் எடுப்பது.

பூஞ்சை ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டுமா என்று நண்பர்கள் கேட்பார்கள். அதன் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. ஈரம் கிடைத்தால்தான் முளைக்கும். ஆனாலும் பூஞ்சை பிடித்த லென்சை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் நான் வைப்பதில்லை.

190 வெள்ளி

மீண்டும் அந்தக் கடைக்கு வருவோம். டார்ச் பிடித்தது அப்பாதான். இரண்டு லென்சுகளையும் பார்த்தார். 190 வெள்ளி லென்ஸில் கீறலைத் தவிர உள்ளே எல்லாம் தெளிவு. 320 வெள்ளி லென்சின் முன் கண்ணாடி பளபளத்தது, ஆனால் தகடுகளில் எண்ணெய்க் கறை இருந்தது. கடைக்காரப் பெரியவரிடம் காட்டினோம். அவரும் டார்ச்சில் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் அதை அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார். சோதிக்காமல் காசைக் கொடுத்திருந்தால் நான் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

"போலே கூராங்?" என்று அப்பா மலாயில் ஆரம்பித்தார். பெரியவர் சிரித்துக்கொண்டே பத்து வெள்ளி குறைத்து, பழைய நிழல்மறைப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். ரசீதில் கீறலை எழுதச் சொன்னேன். எழுதினார்.

அந்த லென்ஸில் இதுவரை சில ஆயிரம் படங்கள் எடுத்துவிட்டேன். கீறல் எங்கே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. தீபாவளி ஒளியூட்டின்போது சிராங்கூன் சாலையில், பெரிய விளக்குகள் படத்தின் ஓரத்தில் இருந்தபோது மட்டும் ஓரிரு படங்களில் ஒரு வெளிச்சக் கோடு விழுந்தது. நிழல்மறைப்பை மாட்டி, ஓர் அடி நகர்ந்து நின்றதும் போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் வீட்டுச் சோஃபாவில் அமர்ந்து, ஏதோ பழைய கதைக்குச் சிரிக்கும் படம் ஒன்று இந்த லென்ஸில் அமைந்தது. பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். தாலி கட்டும் படம் திரும்ப வராது. ஆல்பத்தில் அந்தக் கைப்பேசிப் படம் அப்படியே இருக்கிறது.

மிச்சம் இருந்தது பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸ். பழுதுபார்ப்பவரிடம் கேட்டேன். பிரித்துச் சுத்தம் செய்ய 120 வெள்ளி ஆகும், முழுதாகப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். விற்றுவிடலாம் என்று நினைத்தேன். 'கண்ணாடி சுத்தம், கீறலே இல்லை' என்று எழுதினால் அதுவும் பொய்யில்லை. தட்டச்சு செய்துகூடப் பார்த்தேன்.

"என்ன எழுதுற?" என்று அப்பா எட்டிப் பார்த்தார். படித்தார். "உனக்கு வித்தவனும் இதைத்தானே எழுதினான்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டார்.

அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். டார்ச் வெளிச்சத்தில் படலம் தெரியும் படம் ஒன்று, அந்த லென்ஸில் எதிர்வெளிச்சத்தில் எடுத்த வெளுத்த படம் ஒன்று, விலை 50 வெள்ளி. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள், பலதுறைத் தொழிற்கல்லூரியில் திரைப்படம் படிக்கும் ஒரு மாணவி தொடர்புகொண்டார். அவருடைய குறும்படத்தில் ஒரு கனவுக் காட்சி வருகிறதாம். அந்தப் பால்நிற வெளுப்புதான் அவருக்கு வேண்டுமாம். நேரில் வந்தபோது தம் கைப்பேசி விளக்கைப் போட்டு, பின்பக்கமிருந்து சாய்வாகப் பிடித்துப் பார்த்தார். எனக்கு மனத்துக்குள் சிரிப்பு வந்தது.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: 'உள்ளே மங்கல் படலம் உண்டு. எதிர்வெளிச்சத்தில் படம் வெளுக்கும்.' அவர் போன பிறகு, தாளில் என்ன எழுதினேன் என்று அப்பா கேட்டார். சொன்னேன்.

"இப்பச் சரி" என்றார்.